வாசல் பலகையில் இருக்கும் 1970

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கை குடும்பம் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா என்று அழைக்கப்படும் பகுதியில் ஒரு சிற்றூருக்குப் போயிருக்கிறது. மகளை எங்கே சேர்ப்பது என்று தேடியபோது ஊர் ஓரத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளி பிடித்துப்போயிற்று. மொத்தமே இருநூறு பிள்ளைகள்தான், நல்ல விளையாட்டுத் திடல், பெயரில் ‘அகாடமி’, வாசல் பலகையில் ‘நிறுவப்பட்டது 1970’. பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெரியம்மா மட்டும், “அது எதுக்காக ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்னு யாரையாவது கேட்டுட்டுச் சேரும்மா” என்று சொல்லியிருக்கிறார். 1970-ல் அப்படி என்ன நடந்தது, ஐம்பது வருஷம் கழித்தும் அதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்கத்தான் வேண்டும். பெரியம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். அந்த மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளியின் பிறந்த வருஷம் அதன் ஜாதகம் மாதிரி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1973-ல் தீர்ப்பான நார்வுட் எதிர் ஹாரிசன் வழக்கில் ஒரு கணக்கு பதிவாகியிருக்கிறது. 1963-64 கல்வியாண்டில் மிசிசிப்பியில் கத்தோலிக்கப் பள்ளிகளைத் தவிர்த்த தனியார் பள்ளிகள் வெறும் 17. அவற்றில் படித்தவர்கள் 2,362 பேர். 1970 செப்டம்பருக்குள் அது 155 பள்ளிகளாகிவிட்டது. பிள்ளைகள் சுமார் 42,000. ஏறத்தாழ அத்தனை பேரும் வெள்ளையர்கள். ஏழே ஆண்டில் ஒரு மாநிலத்துக்குத் தனியார் கல்வி மேல் இப்படி ஆசை பெருகியதற்குப் பாடத்திட்டமோ ஆங்கில இலக்கணமோ காரணமில்லை.

காரணம் இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது. 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று அரசு நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மிசிசிப்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1964 வரை, முழுதாகப் பத்து ஆண்டுகள், அந்த மாநிலத்தின் வெள்ளையர் அரசுப் பள்ளி எதிலும் ஒரு கறுப்பினப் பிள்ளைகூட உட்கார்ந்ததில்லை. அதற்குப் பிறகும் ‘விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். தேர்ந்தெடுக்கும் பாரம் முழுக்கக் கறுப்பினப் பெற்றோர் தலையில் விழுந்தது. பிள்ளையை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தால் மறுநாள் வேலை போகும், குத்தகை நிலம் போகும், கடையில் கடன் கிடைக்காது. துணிந்து சேர்த்தவர்கள் சிலர்தான்.

இரண்டாவது தேதி 1969 அக்டோபர் 29. அலெக்சாண்டர் எதிர் ஹோம்ஸ் கவுண்டி வழக்கு. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி; ஹோம்ஸ் மிசிசிப்பியில் இருக்கிறது. இனிமேல் அவகாசம் கிடையாது, இரட்டைப் பள்ளி முறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மிசிசிப்பியின் பல மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிய பள்ளிகள் 1970 ஜனவரியில் இரு இனப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திறந்தன. வெள்ளையர் பெற்றோரில் பெரும்பகுதியினர் அந்த விடுமுறைக்குள்ளேயே வேறு இடம் பார்த்துவிட்டார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளம், காலியாகக் கிடந்த கடை, ஆள் இல்லாத வீடு, எது கிடைத்ததோ அதில் வகுப்பு. பலகையில் 1970 என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்.

இந்த வகைப் பள்ளிகளுக்கு அங்கே ‘செக்ரகேஷன் அகாடமி’ என்று பெயர். இனப் பிரிவினையைக் காப்பாற்றிக்கொள்ள எழுப்பிய பள்ளி என்று அர்த்தம். வெறும் ‘அகாடமி’ என்று சொன்னாலே டெல்டாவில் வயதானவர்களுக்குப் புரிந்துவிடும்.

இங்கே பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள். அவரவர் காசு, அவரவர் பிள்ளை, தனியாகப் பள்ளி நடத்தினால் அடுத்தவருக்கு என்ன? நானும் ஒரு காலத்தில் இதற்குப் பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன். விவரங்களைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது ‘அவரவர் காசு’ இல்லை. வெளியே தனியார் என்று பெயர்ப்பலகை, உள்ளே ஓடியது பொதுப்பணம். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அதைக் கண்ணால் பார்க்க டெல்டாவை விட்டுச் சற்று நேரம் வர்ஜீனியாவுக்கு வர வேண்டும்.

வர்ஜீனியாவின் நடுப்பகுதியில் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி. அதன் தலைமை ஊர் ஃபார்ம்வில். புகையிலை விளையும் பூமி. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான ராபர்ட் ரூசா மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939-ல் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-ல் அதில் படித்தவர்கள் 450 பேருக்கு மேல். புதுக் கட்டிடம் கேட்டபோது கவுண்டி நிர்வாகம் மரச்சட்டம் அடித்து மேலே தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் அவற்றைக் கோழிக்கூடு என்பார்கள். குளிர்காலத்தில் அறைக்கு ஒரு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை வெந்துபோகும், மூலையில் உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்றாமல் எழுதும். மழை பெய்தால் உள்ளேயே குடை விரித்துக்கொள்வார்கள்.

1951 ஏப்ரல் 23. பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், தலைமை ஆசிரியரை ஒரு பொய்யான தொலைபேசி அழைப்பால் வெளியே போகவைத்தாள். பள்ளி முழுவதையும் அரங்கத்துக்கு வரவழைத்தாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, காலணியைக் கழற்றிப் பெஞ்சில் தட்டிப் பேசினாள். பிள்ளைகள் மொத்தமாக வெளியேறினார்கள். நான் வர்ஜீனியாவில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை அந்தக் கட்டிடத்துக்குப் போயிருக்கிறேன். இப்போது அது அருங்காட்சியகம். அந்த அரங்கம் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாதிகூட இருக்காது. 450 பேர் எப்படித்தான் நின்றார்களோ. மேடையும் உயரம் அதிகமில்லை. அதில் ஏறி நின்ற பெண்ணுக்கு எதிரில் நிற்கும் ஒவ்வொரு முகமும் தெரிந்திருக்கும்.

அவர்கள் முதலில் கேட்டது ஒரு நல்ல கட்டிடம்தான். வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வந்து, பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்கு நடத்துகிறோம் என்றார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள். அந்த வழக்குதான் பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று. பார்பராவுக்கு ஊரில் இருப்பது ஆபத்து என்று அலபாமாவின் மான்ட்காமரிக்கு, அப்பாவின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெர்னன் ஜான்ஸ் அங்கே போதகராக இருந்த தேவாலயத்தில்தான் அவருக்குப் பிறகு மார்ட்டின் லூதர் கிங் வந்தார்.

வழக்கில் ஜெயித்தாயிற்று. பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். 1959-ல், இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று நீதிமன்றம் சொன்னபோது, கவுண்டி நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்தது. அரசுப் பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்குவதில்லை. பணம் இல்லாவிட்டால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாவிட்டால் இனங்களைச் சேர்த்து உட்காரவைக்கச் சொல்லும் உத்தரவும் செல்லாது. கவுண்டியின் எல்லா அரசுப் பள்ளிகளும் மூடப்பட்டன. அதே செப்டம்பரில் பிரின்ஸ் எட்வர்டு அகாடமி திறந்தது. சுமார் 1,500 வெள்ளையர் பிள்ளைகள் சேர்ந்தார்கள். தேவாலயங்களிலும் சங்கக் கட்டிடங்களிலும் பாடம் நடந்தது. இதற்கான அறக்கட்டளையை 1955-லேயே பதிவு செய்து தயாராக வைத்திருந்தார்கள். ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதல் வருஷம் நன்கொடையில் ஓடியது. அடுத்த வருஷத்திலிருந்து மாநில அரசும் கவுண்டியும் பெற்றோருக்குக் கட்டண மானியம் கொடுத்தன. பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் சொத்துவரியில் கழிவு. அரசுப் பள்ளியை மூடி மிச்சம் பிடித்துவிட்டு, அகாடமியில் படிக்க அரசே உதவியது. 1961-ல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, அரசுப் பள்ளிகள் மூடியிருக்கும் வரை இந்த மானியம் கூடாது என்று தடுத்தார்.

கறுப்பினப் பிள்ளைகள்? ஏறக்குறைய 1,700 பேருக்கு அரசுப் பள்ளியே இல்லை. ஐந்து ஆண்டு. சிலரை உறவினர் வீடுகளுக்கு வெளியூர் அனுப்பினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் அமைப்பு ஒன்று சில பிள்ளைகளை வட மாநிலங்களில் முகம் தெரியாத குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கவைத்தது. போதகர் எல். பிரான்சிஸ் கிரிஃபின் போன்றவர்கள் தேவாலயங்களில் பயிற்சி மையம் நடத்தினார்கள். வழியில்லாதவர்கள் புகையிலைக் காட்டுக்குப் போனார்கள். 7 வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளை திரும்பப் பள்ளிக்குள் கால் வைக்கும்போது அதற்கு 12 வயது. 15 வயதுக்காரர்களில் பலர் திரும்பவே இல்லை. உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் தலைவர்கள் நடுவில் முன்வந்தார்கள். அதை ஏற்றால் நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு செத்துவிடும் என்று கறுப்பினப் பெற்றோர் மறுத்தார்கள். படிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

1963-ல் கென்னடி அரசின் முயற்சியில், நன்கொடைப் பணத்தில் ஓராண்டுக்கு இலவசப் பள்ளிகள் திறந்தன. 1964 மே 25 அன்று கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளைத் திறந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு கவுண்டி போட்ட வரவுசெலவைப் பாருங்கள். எல்லாருக்குமான அரசுப் பள்ளிகளுக்கு 1,89,000 டாலர். தனியார் பள்ளிக் கட்டண மானியத்துக்கு 3,75,000 டாலர். ஆகஸ்டில் ஒரு ராத்திரி, நீதிமன்றம் மறுபடி குறுக்கே வருவதற்குள், நிர்வாகக் குழு கூடி ஏறக்குறைய 1,80,000 டாலர் மானியத்தைக் காசோலையாக எழுதி அகாடமிப் பெற்றோருக்குக் கொடுத்தது. தொலைபேசியில் ஆளுக்கு ஆள் சொல்லி, விடிவதற்குள் வரிசையில் நின்று வாங்கி, காலையில் வங்கி திறந்ததும் பணமாக்கிவிட்டார்கள். பிற்பாடு இது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பானது.

அந்த ராத்திரியை நினைவில் வைத்துக்கொண்டு டெல்டாவுக்குத் திரும்பி வாருங்கள். மிசிசிப்பியிலும் இதே கதைதான். 1964-ல் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 185 டாலர் என்று மாநிலச் சட்டமன்றம் மானியச் சட்டம் போட்டது. பிறகு அதை 240 ஆக்கியது. 1969-ல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பாடநூல்கள் மட்டும் தொடர்ந்து அரசுச் செலவிலேயே போய்க்கொண்டிருந்தன. வெள்ளையர் மட்டுமே படித்த 107 பள்ளிகளில் 34,000 பிள்ளைகள் கையில் இருந்தவை அரசு கொடுத்த புத்தகங்கள். டூனிக்கா என்ற டெல்டா ஊரின் கறுப்பினப் பெற்றோர் சிலர் இதை எதிர்த்துப் போட்டதுதான் நான் முதலில் சொன்ன நார்வுட் வழக்கு. 1973-ல் புத்தகமும் நின்றது. பக்கத்து மாநிலமான அலபாமாவில் மான்ட்காமரி நகராட்சி, தன் விளையாட்டு மைதானங்களை இப்படிப்பட்ட பள்ளிகளுக்கென்றே விட்டுக்கொடுத்தது. 1974-ல் அதற்கும் தடை வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதரவு வரிவிலக்கு. அகாடமிகள் தங்களை அறநிறுவனமாகப் பதிவு செய்திருந்தன. கொடுக்கும் நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை. அந்தச் சலுகையின் சுமையை நாடு முழுக்க வரி கட்டுபவர்கள் சுமந்தார்கள், ஹோம்ஸ் கவுண்டியின் கறுப்பினப் பெற்றோர் உட்பட. அங்கே இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்த முதல் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் இருந்த வெள்ளையர் பிள்ளைகள் 771-லிருந்து 28 ஆனார்கள். அடுத்த ஆண்டு ஒருவர்கூட இல்லை. அந்தக் கறுப்பினப் பெற்றோர் 1969-ல் வழக்குத் தொடுத்தார்கள். இனம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு இல்லை என்று 1971-ல் தீர்ப்பு வந்தது. 1976-ல் ரன்யன் வழக்கில், தனியார் பள்ளியே ஆனாலும் நிறத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவது சட்டவிரோதம் என்றானது. வழக்கில் எதிர்த்தரப்பு, வர்ஜீனியாவின் இரண்டு சின்னத் தனியார் பள்ளிகள். 1983-ல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில், இனப் பாகுபாட்டுக்கு மத நம்பிக்கையைக் காரணம் காட்டி வரிவிலக்கு கேட்டதும் எடுபடவில்லை.

இப்போது உங்கள் தங்கை கையில் இருக்கும் பள்ளிக் கையேட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில், ‘எந்த இனம், நிறம், தேசம், பூர்வீகத்தைச் சேர்ந்த மாணவரையும் எங்கள் பள்ளி சேர்த்துக்கொள்ளும்’ என்று ஒரு வாசகம் இருக்கும். அது பள்ளி தானாகப் பெருந்தன்மையோடு எழுதியது இல்லை. 1975-ல் வரித்துறை போட்ட விதி. அந்த வாசகத்தை வெளியிட்டால்தான் வரிவிலக்கு. நாடு முழுக்க வரிவிலக்கு பெறும் தனியார் பள்ளிகள் அதை வெளியிடுகின்றன. அதன் வேர் ஹோம்ஸ் கவுண்டியின் அந்தப் பெற்றோர் போட்ட வழக்கில் இருக்கிறது.

நம் பிள்ளையின் நிறத்துக்கு இதில் இடம் எது என்று உங்கள் தங்கை யோசிக்கக்கூடும். அதற்கும் அந்த மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1924-ல் டெல்டாவின் ரோஸ்டேல் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த காங் லம் என்ற சீனர் தன் மகள் மார்த்தாவை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தார். முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வெள்ளையர் அல்லாதவர் எல்லாரும் ‘நிறத்தவர்’ பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று மாநிலம் சொல்லலாம் என 1927-ல் தீர்ப்பாயிற்று. இன்று பல அகாடமிகள் இந்திய, சீனப் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் தங்கை மகளுக்கும் இடம் கிடைக்கும், அன்பாகவே நடத்துவார்கள் என்று நம்புகிறேன். கவனிக்க வேண்டியது வேறு. ஊரில் முக்கால்வாசி கறுப்பின மக்கள் இருக்கும்போது வகுப்பில் எத்தனை கறுப்பினப் பிள்ளைகள் இருக்கிறார்கள்? ஒருவரோ இருவரோ என்றால், நம் பிள்ளைக்குக் கதவு திறந்ததை வைத்து மட்டும் பள்ளி மாறிவிட்டது என்று சொல்ல முடியாது.

எல்லா அகாடமியும் ஒன்று என்றும் நான் சொல்ல மாட்டேன். நிறைய மூடிவிட்டார்கள். பிரின்ஸ் எட்வர்டு அகாடமியே 1970-களின் இறுதியில் வரிவிலக்கை இழந்து, 1980-களின் நடுவில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் பணமில்லாமல் தள்ளாடியபோது அதே கவுண்டியில் பிறந்த தொழிலதிபர் ஜே. பி. ஃபுக்வா 1 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிநிறுத்தினார். இப்போது அது ஃபுக்வா பள்ளி. ஊரின் அரசுப் பள்ளிகளுக்கும் வெள்ளையர் குடும்பங்கள் மெல்லத் திரும்பின. வர்ஜீனியா சட்டமன்றம் 2003-ல் பள்ளிகளை மூடியதற்கு வருத்தம் தெரிவித்தது; படிப்பை இழந்தவர்களுக்காக 2004-ல் உதவித்தொகைத் திட்டம் வந்தது. அப்போது அவர்களில் பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

டெல்டாவின் பல ஊர்களில் அந்தத் திருப்பம் நடக்கவில்லை. கட்டணம் என்ற வேலி இனம் என்ற வேலியின் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அரசுப் பள்ளி நிலைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளைகளை அகாடமிக்கு அனுப்பியவர்கள் ஊரில் நிலமும் கடையும் பதவியும் வைத்திருந்தவர்கள். அரசுப் பள்ளிக்காக வரியை உயர்த்தும் பேச்சு வந்தால் அவர்கள் ஏன் கை தூக்குவார்கள்? ‘இங்கே கவர்ன்மென்ட் ஸ்கூல் சரியில்லை, அதனால்தான் எல்லாரும் அகாடமிக்குப் போகிறார்கள்’ என்று உங்கள் தங்கையிடம் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். எது முதலில் நடந்தது என்று திருப்பிக் கேட்கலாம்.

முடிவு அவர்களுடையது. பிள்ளையின் ஒரு வருஷம் என்பது பெற்றோருக்குத் தத்துவமில்லை என்பதும் எனக்குத் தெரியும். சேர்ப்பதற்கு முன் அவர் செய்யக்கூடியது இவ்வளவுதான். அரசுப் பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய் ஒரு வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்; கேள்விப்பட்டதை வைத்து ஒதுக்க வேண்டாம். அகாடமியில் தலைமை ஆசிரியரிடம் மூன்று விஷயம் கேட்கட்டும்: முதல் கறுப்பின மாணவர் எந்த ஆண்டு சேர்ந்தார், இப்போது எத்தனை பேர், ஆசிரியர்களில் எத்தனை பேர். பள்ளி வரலாறு என்ற பக்கத்தில், ‘தரமான கல்வி வேண்டும் என்ற பெற்றோர் சிலரின் கனவில் பிறந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கனவு ஏன் 1970-ல் வந்தது என்றும் கேட்கட்டும். நேராகப் பதில் சொல்லும் தலைமை ஆசிரியரும் இருப்பார், பேச்சை மாற்றுபவரும் இருப்பார். பள்ளி இன்று எங்கே நிற்கிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. அந்தப் பெரியம்மா வீட்டுக்கு ஒரு மாலை போய் உட்காரச் சொல்லுங்கள். வயதைப் பார்த்தால் 1970 ஜனவரியில் அவரே பள்ளிப் பிள்ளையாக இருந்திருப்பார். விடுமுறை முடிந்து போனபோது வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் அவர் சொல்லுவார்.